வேலை இல்லாத பேராசிரியர்: தஞ்சைக்குத் திரும்பி வந்த கேத்லீன் காஃப்



சோசியாலஜி படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பக்கம் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அத படிச்சா என்ன வேலப்பா கெடைக்கும்?" கேட்பவர்கள் மேல் தப்பில்லை. இந்தப் பக்கத்தில் படிப்பு என்பது வயலிலிருந்தோ கடலிலிருந்தோ ஒருவனை வெளியே தூக்கிவிடும் ஏணி. ஏணி எங்கே போய் முடிகிறது என்று கேட்கத்தான் செய்வார்கள்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு பெண்மணியின் கதையைப் பார்க்கலாம். அவர் பெயர் கேத்லீன் காஃப். தஞ்சாவூர் ஜில்லாவின் கிராமங்களைப் பற்றி அவர் எழுதிய அளவுக்கு நுணுக்கமாக எழுதியவர்கள் குறைவு. வேலை என்ற கணக்கில் பார்த்தால் அவர் வாழ்க்கை ஒரு தோல்வி. வாழ்நாளின் கடைசி இருபது வருடம் அவருக்கு நிரந்தரமான பல்கலைக்கழக வேலையே கிடையாது. ஆனால் நம் டெல்டாவைப் பற்றி இன்று யாராவது உருப்படியாக எழுத உட்கார்ந்தால் அவர் புத்தகத்தைத் திறக்காமல் எழுத முடியாது. இது எப்படி நடந்தது, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் சுருக்கமாக அவர் கதை. 1925-ல் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் மானிடவியல் படித்தார். (மானிடவியல் என்றால், ஒரு சமுதாயத்தோடு போய்த் தங்கி, பக்கத்திலிருந்து பார்த்து எழுதும் படிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 1947-ல், நாம் சுதந்திரம் வாங்கிய வருடத்தில், ஆய்வுக்காகக் கேரளா வந்தார். 1949 வரை நாயர் குடும்பங்களின் மருமக்கள்தாய முறையைப் படித்தார். 1950-ல் டாக்டர் பட்டம். நாயர்களை வைத்து, "கல்யாணம் என்பதற்கு உலகம் முழுக்கப் பொருந்துகிற ஒரு விளக்கம் உண்டா?" என்று 1959-ல் அவர் எழுதிய கட்டுரை மானிடவியல் மாணவர்களுக்கு இன்றும் பாடம்.

அடுத்ததாகத்தான் நம் பக்கம் வந்தார். 1951 முதல் 1953 வரை தஞ்சை ஜில்லாவில் இரண்டு கிராமங்கள். ஒன்று மேற்கே தஞ்சாவூர்ப் பக்கம், இன்னொன்று கீழத் தஞ்சையில். புத்தகத்தில் அவற்றுக்கு கும்பப்பேட்டை, கிரிப்பூர் என்று பெயர். இரண்டுமே அவர் வைத்த புனைபெயர்கள். ஊர்க்காரர்கள் யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்பதற்காக அந்தத் துறையில் எல்லோரும் செய்கிற காரியம் இது.

அவர் வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். மிராசுதார், குத்தகைக்காரர், பண்ணையாள் என்று மூன்று அடுக்காக இருந்த ஊர். அக்ரகாரம் ஒரு பக்கம், குடியானவர் தெரு ஒரு பக்கம், வயலைத் தாண்டிச் சேரி. நிலம் யார் கையில், உழைப்பு யார் உடம்பில் என்பதைத் தெருவைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த அடுக்கு ஆட்டம் காணத் தொடங்கிய நேரமும் அதுதான். கீழத் தஞ்சையில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டியிருந்தார்கள். 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூருக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இத்தனையும் நடக்கிறபோது 26, 27 வயதுப் பெண் ஒருவர் நோட்டும் பேனாவுமாக ஊருக்குள் இருக்கிறார். யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு நிலம், யார் யாரிடம் வேலை செய்கிறார்கள், கூலி எத்தனை மரக்கால் என்று எழுதிக்கொண்டே போகிறார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த நோட்டுகளை வைத்தே அவர் ஒரு சுகமான வாழ்க்கையை ஓட்டியிருக்கலாம். 1950-களில் இந்தியக் கிராமங்களைப் பற்றி வந்த முக்கியமான தொகுப்புகளில் எல்லாம் அவருடைய தஞ்சாவூர்க் கட்டுரை இருந்தது. 1961-ல் தாய்வழிச் சமுதாயங்களைப் பற்றி டேவிட் ஷ்னைடருடன் சேர்ந்து தொகுத்த பெரிய புத்தகம் வந்தது. அவரும், மானிடவியலாளரான அவர் கணவர் டேவிட் ஏபர்லேயும் அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. அணுகுண்டுப் போர் வந்துவிடுமோ என்று உலகமே நடுங்கிய நாட்கள். மாணவர்கள் நடத்திய கூட்டத்தில் காஃப் அமெரிக்க அரசை எதிர்த்தும் கியூபாவை ஆதரித்தும் பேசினார். பல்கலைக்கழகத் தலைவர் கூப்பிட்டுக் கண்டித்தார். சம்பள உயர்வு நின்றது. கணவன், மனைவி இருவரும் ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அடுத்தது ஆரிகன் பல்கலைக்கழகம். அது வியட்நாம் போர்க் காலம். மதிப்பெண் குறைந்த மாணவர்களைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. நான் போடும் மார்க்கை வைத்து ஒரு பையனைப் போருக்கு அனுப்புவார்கள் என்றால் அந்த வேலையில் எனக்குப் பங்கு வேண்டாம் என்பது காஃபின் நிலை. 1967-ல் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார்கள்.

அங்கே சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம். அரசியல், சமூகவியல், மானிடவியல் மூன்றும் சேர்ந்த துறை. துறை நிர்வாகத்தில் மாணவர்களுக்கும் சம பங்கு வேண்டும் என்று அந்தத் துறை நின்றது. நிர்வாகம் ஒப்பவில்லை. 1969-ல் வேலைநிறுத்தம். எட்டு ஆசிரியர்களை சஸ்பெண்ட் செய்தார்கள். அதில் காஃப் ஒருவர். அத்தோடு அவருடைய நிரந்தர வேலை முடிந்தது. பிறகு 1974-லிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கௌரவ ஆய்வாளர். கௌரவம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும், சம்பளம் கிடையாது :-)

இப்படி வேலைக்கும் கொள்கைக்கும் இடையில் அடிபட்டவர் இவர் ஒருவர்தானா என்றால், இல்லை. ஹங்கேரிக்காரர் கார்ல் பொலானியைப் பாருங்கள். 1886-ல் பிறந்து புடாபெஸ்டில் வளர்ந்தவர். அங்கே பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். வியன்னாவில் பத்திரிகையாளராக இருந்தார். 1933-ல் இங்கிலாந்துக்கு ஓடி வந்து தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு எடுத்தார். ஐரோப்பாவைச் சந்தைப் பொருளாதாரம் எப்படிப் புரட்டிப் போட்டது என்று விளக்கும் அவருடைய 'பெரும் மாற்றம்' 1944-ல் வந்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது வயது அறுபதை ஒட்டிவிட்டது. அதிலும் பழைய கம்யூனிஸ்ட் என்று சொல்லி மனைவிக்கு அமெரிக்கா விசா தர மறுத்ததால், கனடாவில் குடியிருந்துகொண்டு நியூயார்க் போய் வந்தார். பதவிப் பட்டியலை மட்டும் பார்த்தால் பொலானியும் தேறாதவர்தான். ஆனால் ஐரோப்பாவைப் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம்.

காஃப் கனடாவில் இருந்த நேரத்தில் இங்கே கீழத் தஞ்சையில் என்ன நடந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அதிகமும் பெண்கள், குழந்தைகள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. வேளாங்கண்ணி மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் பூசை நடந்துகொண்டிருந்த அதே இரவில், இதே நாகை வட்டாரத்தில் நடந்தது இது.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் காஃப் நோட்டில் எழுதிய மரக்கால் கணக்கு வெறும் கணக்கு இல்லை என்பது இந்த இடத்தில் புரியும். அரைப்படி நெல்லுக்கு உயிர் போகிற ஊரில், கூலி எத்தனை படி என்று எழுதி வைப்பதுதான் முதல் வரலாறு.

1976-ல் காஃப் திரும்பி வந்தார். அப்போது அவருக்கு 51 வயது. அழைத்த பல்கலைக்கழகம் இல்லை, காத்திருந்த பதவி உயர்வும் இல்லை. அதே இரண்டு கிராமங்களுக்குப் போனார். முன்பு நிலம் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம், முன்பு கூலி எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தார். இடையில் பசுமைப் புரட்சி வந்து போயிருந்தது. ஆடுதுறை 27 நெல், ரசாயன உரம், பம்புசெட் எல்லாம் வந்துவிட்டன. விளைச்சல் கூடியிருந்தது. அக்ரகாரத்துக்காரர்கள் பலர் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் நிலமில்லாத கூலியாட்களின் வாழ்க்கை விளைச்சலுக்கு ஏற்ப உயரவில்லை என்பதுதான் அவர் கண்டது.

1951 முதல் 1953 வரை எழுதிய நோட்டுகள் முழுப் புத்தகமாக 1981-ல்தான் வந்தன. 28 வருட இடைவெளி. 1976-ல் கண்டது 1989-ல் இரண்டாவது புத்தகமாக வந்தது. அடுத்த வருடம், 1990-ல், வான்கூவரில் இறந்துபோனார்.

இங்கே நான் முக்கியமாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இளம் வயதில் காஃப் எழுதியது பெரும்பாலும் உறவுமுறை, சடங்கு, சாதி பற்றி. அன்றைய மானிடவியல் கேட்கச் சொன்ன கேள்விகள் அவை. பிற்காலத்தில் அவரே தன் துறையைப் பார்த்து, நாம் காலனி ஆட்சியின் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள், அந்த ஆட்சியைப் பற்றியே கேள்வி கேட்காமல் இருந்துவிட்டோம் என்று எழுதினார். 1981 புத்தகத்தில் தஞ்சாவூர் ஏழ்மையின் வேரை வெள்ளைக்காரன் ஆட்சியில் தேடினார். நோட்டு அதேதான், கேள்வி மாறியது. தன் பழைய நோட்டையே புதுக் கேள்வியோடு திரும்பப் படிக்கிற ஆராய்ச்சியாளர் எத்தனை பேர்?

இனி எதிர்க்கேள்விகளைப் பார்ப்போம். நியாயமான கேள்விகள்தான்.

முதல் கேள்வி: வெள்ளைக்காரர்கள் வந்து நம் ஊரைப் படித்துப் புத்தகம் போட்டுப் பேர் வாங்கினார்கள், நமக்கு என்ன கிடைத்தது? இந்தக் கோபம் எனக்கும் உண்டு. நார்வேக்காரர் டாக்ஃபின் சிவெர்ட்சன் தஞ்சை ஜில்லாக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து 1963-ல் புத்தகம் போட்டார். டெல்லியிலிருந்து வந்த ஆந்த்ரே பெத்தேய், திருவையாறு பக்கத்துக் கிராமத்துக்கு ஸ்ரீபுரம் என்று பெயர் வைத்து எழுதிய 'சாதி, வர்க்கம், அதிகாரம்' 1965-ல் வந்தது. அவர் அக்ரகாரத்தில் தங்கியதால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை. அதை அவரே எழுதியிருக்கிறார். நல்ல புத்தகங்கள், மறுக்கவில்லை. ஆனால் அவை எழுதப்பட்டது ஆங்கிலத்தில். தன் கூலிக் கணக்கைச் சொன்ன பண்ணையாளால் தன்னைப் பற்றி எழுதியதைப் படிக்க முடியாது. ஊர்ப் பெயரும் பொய்ப் பெயர் என்பதால் பேரனால்கூடத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. காஃப் புத்தகங்களுக்கும் இது பொருந்தும். இந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

ஆனால் திரும்பி வந்தவரையும் வராதவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2004 சுனாமியை நினைத்துப் பாருங்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் உயிர்கள் போயின. அதற்குப் பிறகு இந்தக் கடற்கரைக்குப் படிவம் எடுத்துக்கொண்டு எத்தனை பேர் வந்தார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். குடும்ப அட்டை எண், படகு உண்டா, எத்தனை பேர் போனார்கள்... எழுதிக்கொண்டு போனார்கள். பத்து வருடம், இருபது வருடம் கழித்து அதே வீட்டுக் கதவைத் தட்டி "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? ஒரு தடவை வருவதற்கு நிதி போதும். மறுபடி வருவதற்கு அக்கறை வேண்டும்.

இரண்டாவது கேள்வி: அவர் மார்க்சியவாதி, ஒருபக்கமாகத்தானே எழுதியிருப்பார்? அவர் மார்க்சியவாதிதான், ஒளிக்கவில்லை. ஆனால் வீட்டுக் கணக்கும் நிலக் கணக்கும் புத்தகத்திலேயே இருக்கிறது. அவர் முடிவு பிடிக்காதவர்கள் அதே கணக்கை வைத்து வேறு முடிவுக்கு வரலாம். தன் பக்கத்தைச் சொல்லிவிட்டுக் கணக்கையும் காட்டுகிறவரை, பக்கமே இல்லை என்று சொல்லிக்கொண்டு கணக்கை மறைப்பவரைவிட நான் நம்புவேன்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. சம்பளம் இல்லாமல் ஆராய்ச்சி செய்ய யாரால் முடியும்? காஃபின் கணவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவருடைய சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதனால்தான் காஃபால் இருபது வருடம் நோட்டுகளோடு உட்கார முடிந்தது. இதைச் சொல்லாமல் அவரைத் தியாகி ஆக்குவது நேர்மை இல்லை. மேலப்பிடாகையிலிருந்தோ திருப்பூண்டியிலிருந்தோ முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணிடம் போய், "வேலையைப் பார்க்காதே, உண்மையைத் தேடு" என்று சொன்னால் அவள் சிரிப்பாள். சிரிக்கத்தான் வேண்டும். வீட்டில் உலை வைக்க அரிசி வேண்டாமா?

அப்படியென்றால் வழி? என் கருத்து இதுதான். ஆராய்ச்சியைத் தனிமனிதரின் வீரத்துக்கு விட்டுவிடாமல் கல்லூரியின் வழக்கமாக ஆக்க வேண்டும். இது புது யோசனை இல்லை, நூறு வருடத்துக்கு முன்பே தமிழ்நாட்டில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் மாணவர்களை லீவுக்குச் சொந்த ஊருக்கு அனுப்பினார். கையில் ஒரு கேள்விப் பட்டியல். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, கடன் எவ்வளவு, கூலி என்ன என்று அவர்கள் விசாரித்து வந்ததைத் தொகுத்து 1918-ல் புத்தகம் போட்டார். அந்தக் கிராமங்களில் ஒன்று நம் தஞ்சை ஜில்லாவின் பாலக்குறிச்சி. 1930-களில் அந்தக் கிராமங்களை மறுபடி போய்ப் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் பார்த்தார்கள். கடைசியாக 2019-ல் பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் சேர்த்தே வேளாண் ஆய்வு நிறுவனம் ஒன்று வீடு வீடாகக் கணக்கெடுத்தது. நூறு வருடமாக ஒரு கிராமத்தின் கதையை எண்ணிக்கையோடு சொல்ல முடிகிறது என்றால், அதற்கு முதல் கல் வைத்தவர்கள் கல்லூரி மாணவர்கள்.

இன்று நம் கல்லூரிகளில் கடைசி வருடம் 'புராஜெக்ட்' என்று ஒன்று இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஜெராக்ஸ் கடையில் பழைய புராஜெக்ட் கிடைக்கும். அட்டையையும் பெயரையும் மாற்றி, தங்க எழுத்தில் பைண்டிங் போட்டு, வைவா முடிந்ததும் பீரோவுக்கு மேலே போய்விடும். அதற்குச் செலவாகும் காசில், நேரத்தில், ஒவ்வொரு மாணவரும் தன் தெருவில் ஐம்பது வீட்டைக் கணக்கெடுத்தால் என்ன? நிலம் யார் பெயரில், கூலி ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, நூறு நாள் வேலை எத்தனை நாள் கிடைத்தது, வளைகுடாவுக்கு யார் போனார், திருப்பூருக்கு யார் போனார், கடைமடைக்கு எந்தத் தேதியில் ஆற்றுத் தண்ணீர் வந்தது. இதைத் தமிழில் எழுதி, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்தில், ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் வைக்க வேண்டும். பத்து வருடம் கழித்து வேறொரு மாணவர் அதே ஐம்பது வீட்டுக்குப் போக வேண்டும்.

இதைச் செய்ய கேம்பிரிட்ஜ் வேண்டாம். கம்யூனிஸ்டாகவும் இருக்க வேண்டாம். தெருவுக்குத் தெரு போய் உட்கார்ந்து கேட்கிற பொறுமை போதும். அக்ரகாரத்திலோ குடியானவர் தெருவிலோ பிறந்தவர் சேரிக்குப் போய்த் திண்ணையில் உட்காரவும், சேரியில் பிறந்தவர் பெரிய வீட்டுக்குள் போய்ப் பட்டா காட்டுங்கள் என்று கேட்கவும் துணிச்சல் வேண்டும். அந்த இரண்டாவது துணிச்சலுக்குக் கல்லூரி பின்னால் நிற்க வேண்டும். காஃபுக்கு நடந்தது போல மாணவரைக் கைவிடக் கூடாது.

எத்தனை வருடம் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதை வைத்து ஒரு பேராசிரியரை மதிக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. மாலையும் சால்வையும் நாற்காலிக்குத்தான் விழும். காஃபிடம் நாற்காலி இல்லை. அவரை வெளியே அனுப்பிய நிர்வாகிகளின் பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அவர் எழுதி வைத்த மரக்கால் கணக்கு இருக்கிறது. 1952-ல் நம் தாத்தா, பாட்டி எவ்வளவு நெல்லுக்கு எத்தனை நாள் உழைத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்லும்.

2020-களில் நாம் எப்படி வாழ்ந்தோம் என்று நம் பேரப்பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லும் நோட்டு யாரிடம் இருக்கும்? அதை எழுத இன்னொரு காஃப் யார்க்‌ஷயரிலிருந்து வருவார் என்று காத்திருக்க வேண்டாம். நம் ஊரில் சோசியாலஜி, எகனாமிக்ஸ், ஹிஸ்டரி படிக்கிற நாம் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம். இந்த லீவிலேயே தொடங்கலாம்.